எம்-புக்கில் ஏறாத வேலை

போன மாதம் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். ஐந்தாம் வகுப்பு. ‘கெரியர் டே’ அன்று அம்மாவோ அப்பாவோ வகுப்புக்கு வந்து பத்து நிமிடம் தங்கள் வேலையைப் பற்றிப் பேச வேண்டுமாம். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். என்ன வேலை பார்க்கிறீர்கள்? அதற்கு என்ன படிக்க வேண்டும்? இந்த வேலை ஏன் தேவை?

மூன்றாவது கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எதுக்கும்மா சிரிக்கிற?”

“இதே கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒரு தடவை பதில் எழுதியிருக்கேன்டி. மூணு வரி இல்ல, இருநூறு பக்கத்துக்கு மேல.”

“யாருக்கு?”

“அமெரிக்க கவர்மெண்ட்டுக்கு.”

அவள் நம்பவில்லை. அலமாரி மேல்தட்டிலிருந்து நீல ஃபைலை இறக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. ஃபைலோடு ஒரு கோடு போட்ட நோட்டும் வந்தது. அந்த நோட்டைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

இந்த இதழைப் படிக்கும் உங்களில் பலர் வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வேலை மாற வேண்டுமென்றால் ரெஸ்யூமேவைத் திருத்தி அனுப்பினால் போதும். ஆனால் உங்களை அங்கே வளர்த்த அப்பாவோ அம்மாவோ ஒரு காலத்தில் ஒரு வேலைக் கடிதத்தை நம்பித்தான் விமானம் ஏறியிருப்பார்கள். நாட்டுக்கு நாடு பெயர் மாறும். பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசா, ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் தரும் சான்று. ஆஸ்திரேலியாவில் ஸ்கில்ஸ் அசெஸ்மெண்ட். அமெரிக்காவில் ஹெச்-1பி. எங்கே போனாலும் வேலைக்கு ஒரு கோட் எண் உண்டு, அந்த வேலை நிஜமானதுதானா, படித்த ஆள்தான் அதற்கு வேண்டுமா என்று காகிதத்தில் காட்ட வேண்டியதும் உண்டு. என் கதை அமெரிக்காவில் நடந்தது.

நான் 2012-இல் டெக்ஸஸுக்கு எம்.எஸ். படிக்க வந்தேன். 2014-இல் படிப்பு முடிந்து டாலஸ் பக்கம் ஒரு நடுத்தர நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அடுத்த வருடம் ஹெச்-1பி குலுக்கலில் என் பெயர் விழுந்தது. வருடத்துக்கு 65,000 இடம், இங்கே முதுகலை முடித்தவர்களுக்கு மேற்கொண்டு 20,000. அதில் ஒன்று எனக்கு. சந்தோஷத்தில் நிறுவனம் என்ன எழுதி அனுப்பியது என்றுகூட நான் படித்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன், அவ்வளவுதான்.

அவர்கள் என் வேலையை ‘கம்ப்யூட்டர் புரோகிராமர்’ என்ற கோடில், சம்பளத்தின் நான்கு நிலைகளில் கடைசி நிலையில் போட்டிருந்தார்கள். அப்போது அது யாரையும் உறுத்தவில்லை. புரோகிராமர் வேலையைப் பொதுவாகப் பட்டம் தேவைப்படும் வேலையாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று 2000 டிசம்பரில் வந்த ஒரு சுற்றறிக்கை அதுவரை இருந்தது. 2017 மார்ச் 31-ஆம் தேதி குடியேற்றத் துறை அதை ரத்து செய்தது. அதே அக்டோபரில் இன்னொன்றும் வந்தது: அதே ஆள், அதே கம்பெனி, அதே வேலை என்றாலும் முன்பு கொடுத்த ஒப்புதலை நீட்டிப்பின்போது மதிக்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை.

என் மூன்று வருடம் 2018 செப்டம்பர் 30-இல் முடிய இருந்தது. நீட்டிப்புக்கு அதே கோடில்தான் மனுப் போட்டார்கள். ஜூன் 25-ஆம் தேதியிட்ட ஆர்.எஃப்.ஈ. வந்தது. மேற்கொண்டு ஆதாரம் கேட்கும் நோட்டீஸ். பதில் சொல்ல 84 நாள். ஒரே ஒரு முறைதான் பதில் அனுப்பலாம். விட்டுப்போனதைப் பிறகு சேர்க்க முடியாது. தப்பான கோட் என்று இப்போது மாற்றவும் முடியாது, மனு போட்டது போட்டதுதான் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அந்த நோட்டீஸை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. “என்னைப் போய் சந்தேகப்படுறாங்களே” என்று இவரிடம் புலம்பினேன். மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. என் மார்க் ஷீட்டையோ டிகிரியையோ அதில் யாரும் கேள்வி கேட்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பற்றித்தான் கேள்வி. தொழிலாளர் துறையின் கைப்புத்தகம் பெரும்பாலான புரோகிராமர்களிடம் இளநிலைப் பட்டம் இருப்பதாக அப்போது சொன்னது. சில நிறுவனங்கள் இரண்டு வருட அசோசியேட் பட்டம் உள்ளவர்களையும் எடுப்பதாகவும் சொன்னது. அப்படியானால் இந்த வேலைக்குப் பட்டதாரிதான் வேண்டும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

காட்டுவதற்கு நான்கு வழி கொடுத்திருந்தார்கள். இந்த வேலைக்குச் சாதாரணமாகவே பட்டம்தான் குறைந்தபட்சத் தகுதி என்று காட்டலாம். இதே மாதிரி நிறுவனங்களில் அதுதான் வழக்கம் என்றோ, பட்டதாரி மட்டுமே செய்யக்கூடிய அளவுக்கு இந்த வேலை சிக்கலானது என்றோ காட்டலாம். இந்த நிறுவனம் எப்போதும் பட்டதாரிகளைத்தான் எடுக்கிறது என்று காட்டலாம். இல்லையென்றால், செய்யும் பணிகளே பட்டப்படிப்பு அறிவு தேவைப்படும் அளவுக்கு நுணுக்கமானவை என்று காட்டலாம். நான்கில் ஒன்றாவது நிற்க வேண்டும்.

ஹெச்.ஆர். ஒரு கடிதம் தயார் செய்து அனுப்பினார்கள். ஏழு வரி. மென்பொருள் வடிவமைத்தல், எழுதுதல், சோதித்தல், பராமரித்தல், குழுவோடு இணைந்து பணியாற்றுதல். என் பெயரை எடுத்துவிட்டு இந்த நாட்டில் எந்த புரோகிராமர் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

அன்றைக்கு ராத்திரி அதை இவர் படித்தார். கொஞ்சம் இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் சிவில் இன்ஜினியர். கல்யாணத்துக்கு முன் திருச்சியில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியர். பாலம், கல்வெர்ட், கால்வாய்க் கரை என்று பொதுப்பணித்துறை வேலைகள். 2014-இல் என்னோடு வந்ததிலிருந்து வேலை பார்க்க அனுமதி இல்லை. அவருடைய விசாவில் அவர் என்னைச் சார்ந்தவர், அவ்வளவுதான். மகள் பிறந்த பிறகு வீட்டையும் அவளையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஊரிலிருந்து போன் வந்தால் “மாப்பிள்ளை என்ன பண்றார்?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஏழு வரியையும் படித்துவிட்டு, “இதுல அளவே இல்லையே” என்றார்.

“என்ன அளவு?”

“எம்-புக் மாதிரி எழுதணும். இத வச்சு எங்க ஊர்ல ஒரு மண்வெட்டி கூலி கூட பில் பண்ண முடியாது.”

எம்-புக் என்றால் மெஷர்மெண்ட் புக். அரசாங்க வேலையில் தோண்டிய பள்ளம், போட்ட காங்கிரீட், கட்டிய செங்கல் எல்லாவற்றையும் நீளம், அகலம், ஆழம் என்று அளந்து அந்தப் புத்தகத்தில் ஏற்றுவார்கள். அதில் ஏறினால்தான் பில் பாஸாகும். ராப்பகலாக நின்று வேலை பார்த்திருந்தாலும் எம்-புக்கில் ஏறாத வேலை நடக்காத வேலை. இதைச் சொல்லிவிட்டு மகளுடைய கிரையான் டப்பாவிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, கோடு போட்ட நோட்டு ஒன்றில் அரைமணி அரைமணியாகக் கட்டம் போட்டார்.

மறுநாளிலிருந்து நான்கு வாரம், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எனக்கு விசாரணை.

“ஒன்பதரைக்கு என்ன?”

“கோட் ரிவ்யூ.”

“அப்படின்னா?”

“இன்னொருத்தர் எழுதின கோடைப் படிச்சு தப்பு இருக்கான்னு பாக்குறது.”

“இருந்துச்சா?”

“ஒண்ணு இருந்துச்சு.”

“என்ன தப்பு? நீ பாக்கலேன்னா என்ன ஆயிருக்கும்?”

முதல் வாரம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நாளெல்லாம் ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு வந்தால் வீட்டிலும் டைம்ஷீட்டா என்று. ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லத்தான் என் வேலை எனக்கே விளங்க ஆரம்பித்தது.

எங்கள் நிறுவனம் ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ்களைக் கண்காணிக்கிறது. ஃப்ரிட்ஜில் வைக்கும் தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையை அனுப்பும். அளவு மீறினால் நர்ஸுக்கு அலாரம் போகும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வைஃபை அரைமணி நேரம் விட்டுப்போனால், சென்சார் அதுவரை சேர்த்துவைத்ததை மொத்தமாக அனுப்பும். இரண்டு மணிக்கு எடுத்த அளவு இரண்டரைக்கு வரும். இரண்டேகாலுக்கு எடுத்தது அதற்கு முன்னாலேயே வந்து நிற்கும். வந்த வரிசையில் அப்படியே படித்தால், சும்மா கதவைத் திறந்து மூடியதற்கெல்லாம் அலாரம் அடிக்கும். நிஜமாகவே கம்ப்ரெஸர் நின்றபோது அடிக்காமல் போகும். பொய் அலாரம் நாலு தடவை அடித்தால் ஐந்தாவது தடவை யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

வராத அளவுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது, எப்போது காத்திருக்காமல் அலாரம் அடிப்பது என்று முடிவு செய்யும் பகுதிதான் என்னுடையது. அன்றைக்கு ரிவ்யூவில் நான் பிடித்த தப்பும் அதுதான். ஜூனியர் ஒருவர் அளவை எடுத்த நேரத்துக்குப் பதிலாக, வந்து சேர்ந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். ஒரே ஒரு வரி. இதை நான் சொன்னபோது இவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “இத ஏன் நீ இதுவரைக்கும் சொன்னதே இல்ல?” என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? யாரும் கேட்டதில்லை. நானும் அதை ஒரு வேலையாக நினைத்ததில்லை.

நான்கு வாரம் முடிந்ததும் கூட்டிப் பார்த்தோம். 160 மணி நேரம். தரவைக் கையாளும் பகுதியை வடிவமைத்து எழுதியது 54. அலாரம் விதிகளும் அதற்கான புள்ளியியலும் 34. சோதனை 22. வாடிக்கையாளர் இடத்தில் நடந்த கோளாறுகளை ஆராய்ந்தது 15. மீட்டிங் 35.

மீட்டிங் கிட்டத்தட்ட 22 சதவீதம்! ஹெச்.ஆரில் இருந்தவர் தயங்கினார். “இத்தனை மீட்டிங் பார்க்க நல்லா இருக்காது, பத்துன்னு போட்டுடலாமே” என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. இவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அளந்தது இருபத்திரண்டுன்னா இருபத்திரண்டுதான். ஒரு இடத்துல கூட்டிக் குறைச்சா மொத்த புக்கும் போச்சு. செக் பண்ண வர்றவன் முதல்ல அந்த இடத்துலதான் டேப்பைப் பிடிப்பான்.” வக்கீலும் அதையே சொன்னார். எண்ணில் கை வைக்க வேண்டாம், அந்த 35 மணி நேரத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள் என்றார். எழுதினோம். பாதி மீட்டிங்கில் ஆஸ்பத்திரிக்காரர்களோடு உட்கார்ந்து, எத்தனை நிமிடத் தாமதத்தைப் பொறுக்கலாம் என்று தீர்மானித்திருந்தோம். கடைசியில் அந்தப் பக்கம்தான் கடிதத்திலேயே கனமான பக்கமாக அமைந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான சங்கடம். எங்கள் டீமில் எட்டுப் பேர். ஏழு பேரிடம் டிகிரி இருந்தது. எட்டாவது ஆள் எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், இந்த ஊர்க்காரர், ஹைஸ்கூலோடு படிப்பை நிறுத்தியவர். இருபது வருடத்துக்கு மேல் அனுபவம். எங்கள் டீமில் யாருக்குப் பிரச்சினை என்றாலும் முதலில் அவர் மேசைக்குத்தான் போவோம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரே அவர்தான். இந்த வேலைக்குப் பட்டம் இல்லாமல் முடியாது என்று நான் எப்படி எழுதுவேன்? அவர் பெயரைப் பட்டியலில் விட்டுவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. கேட்டவுடனே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

தயங்கித் தயங்கி அவரிடமே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். நான் கல்லூரியில் இரண்டு வருடத்தில் படித்ததைத் தான் முட்டி மோதிக் கற்றுக்கொள்ள பன்னிரண்டு வருடம் ஆனதாகவும், அதை அப்படியே எழுதிக்கொள்ளும்படியும் சொன்னார். வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். பட்டத்துக்கு ஈடாக அனுபவத்தைக் கணக்கிடும்போது, மூன்று வருட வேலை ஒரு வருடக் கல்லூரிப் படிப்புக்குச் சமம் என்பது அவர்கள் விதியிலேயே இருக்கும் கணக்கு. அவர் பெயரை மறைக்காமல் போட்டோம், பக்கத்திலேயே அந்தக் கணக்கையும் போட்டோம். எங்கள் நிறுவனம் எப்போதும் பட்டதாரிகளைத்தான் எடுக்கும் என்ற வழியை விட்டுவிட்டோம். பணியின் நுணுக்கம் என்ற நான்காவது வழியில் பாரத்தைப் போட்டோம். மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

செய்யும் ஒவ்வொரு பணிக்கும் எதிரே எந்தப் பாடம் அதற்கு உதவியது என்று ஒரு அட்டவணை. நிறுவனத்தில் யாருக்குக் கீழே யார் என்ற வரைபடம். இதே போன்ற நிறுவனங்களின் வேலை விளம்பரங்கள். ஒரு பேராசிரியரின் கருத்துக் கடிதம். என் மேனேஜரின் கடிதம். எல்லாம் சேர்ந்து இருநூறு பக்கத்தைத் தாண்டியது. கெடு செப்டம்பர் 17. செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை கூரியரில் போனது.

அதன்பிறகு காத்திருப்பு. கெடுவுக்குள் நீட்டிப்பு மனு போட்டிருந்ததால் செப்டம்பர் 30-க்குப் பிறகும் 240 நாள் வேலை பார்க்கலாம். ஆனால் அதற்கிடையில் மறுப்பு வந்தால் அன்றைக்கே லேப்டாப்பை ஒப்படைக்க வேண்டும். என் விசா போனால் இவருடையதும் போகும். மூன்று வயது மகள் மட்டும் அமெரிக்கக் குடிமகள். டிரைவிங் லைசென்ஸ்கூட அதே தேதியில்தான் முடிந்தது. டாலஸ் பக்கம் காரில்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ரசீதைக் காட்டி லைசென்ஸை நீட்ட வரிசையில் நின்றபோது, ‘நாம இங்க இருக்கோமா, இல்லையா?’ என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

அந்த ஐப்பசியில் கும்பகோணத்தில் என் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு வழக்கப்படி தாலியின் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போட வேண்டும். எனக்குத் தம்பி ஒருவன்தான், அவனுக்கு நான் ஒருத்திதான். அம்மா ஆறு மாதம் முன்பே எனக்குப் புடவை எடுத்து வைத்திருந்தார். போகலாம்தான், ஆனால் ஒப்புதல் வரும்வரை திரும்பி வர முடியாது. எவ்வளவு நாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தம்பி, “பரவால்லக்கா” என்றான். அம்மா எதுவும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு மேல். எங்களுக்கு முந்தைய நாள் இரவு ஏழரை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, மூவரும் பட்டுடுத்தி உட்கார்ந்தோம். கெட்டிமேளம் கேட்டதும் மகள் இரண்டு கையாலும் அட்சதையை ஸ்க்ரீன்மேல் போட்டாள். கீபோர்டு இடுக்கில் அரிசி போய் வெகுநாள் ‘எஸ்’ பட்டன் சரியாக அமுங்கவில்லை. மூன்றாவது முடிச்சைச் சித்தப்பா மகள் போட்டாள். அந்த ஒரு நிமிடம் இவர் என் தோளில் கை வைத்திருந்தார்.

டிசம்பர் இரண்டாவது வாரம் வக்கீலிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல். ஒப்புதல், 2021 செப்டம்பர் வரை. நான் ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து இவருக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் தோசைக்கல் சத்தம். “பில் பாஸாயிடுச்சு” என்றேன். கொஞ்ச நேரம் தோசைக்கல் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நன்றாக எழுதினோம், அதனால் கிடைத்தது என்று இந்தக் கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் நிறுவனத்தில் வேறொரு டீமில் இருந்த நண்பருக்கும் அதே கோடில் அதே நோட்டீஸ் வந்தது. என் கடிதத்தை முன்மாதிரியாக வைத்துத்தான் அவருக்கும் எழுதினார்கள். அவரும் நோட்டுப் போட்டு அளந்தார். அவருக்கு மறுப்பு வந்தது. அன்று மதியமே வேலையை நிறுத்தினார். மூன்று வாரத்தில் காரை விற்று, வீட்டைக் காலி செய்து, ஊருக்குப் போய், பிறகு டொராண்டோ போய்ச் சேர்ந்தார். அவர் பார்த்த வேலையை இரண்டு பேர் பிரித்துக்கொண்டோம்.

2020 டிசம்பரில் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னோவா சொல்யூஷன்ஸ் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. கைப்புத்தகமே பெரும்பாலான புரோகிராமர்கள் பட்டதாரிகள் என்று சொல்லும்போது, அதே புத்தகத்தைக் காட்டி மறுத்தது தன்னிச்சையானது என்றது. 2021 பிப்ரவரியில் குடியேற்றத் துறை அந்த 2017 சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றது. ஏப்ரலில் முன் ஒப்புதலை மதிக்கும் வழக்கமும் திரும்பி வந்தது. தீர்ப்புச் செய்தியை நண்பர் டொராண்டோவிலிருந்து எனக்கு அனுப்பினார். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நானும் என்ன பதில் அனுப்புவது என்று தெரியாமல் அவர் மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

ஆக, நல்ல கடிதம் எழுதினால் விசா கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மோசமான கடிதத்தோடு போனால் வாய்ப்பே இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

உங்களிடம் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. உங்களில் பலர் இன்று மேனேஜர், டைரக்டர் என்று கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறீர்கள். என்றைக்காவது உங்கள் டீமில் ஒருவர், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, விசாவுக்காக ஒரு கடிதம் கேட்டு வருவார். ஹெச்.ஆர். அனுப்பும் ஏழு வரியில் தயவுசெய்து அப்படியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரம் அவரோடு உட்காருங்கள். போன மாதம் என்ன செய்தார், அவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேளுங்கள். எந்தக் கோடில் மனு போகிறது என்று பாருங்கள். அவர் கேட்கத் தயங்குவார், நான் தயங்கின மாதிரி. நீங்கள் கேட்டால் பதில் வரும்.

இன்னொன்று. உங்கள் அப்பா அம்மா வீட்டிலும் இப்படி ஒரு பழைய ஃபைல் இருக்கலாம். அவர்கள் வந்தபோது யார் அந்தக் கடிதத்தை எழுதினார்கள், யார் டைப் அடித்துக் கொடுத்தார்கள், எந்தக் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் இன்னும் நல்லது.

2019-இல் என் கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட மனு ஒப்புதலானது. அதனால் இவருக்கு 2020-இல் வேலை அனுமதி அட்டை வந்தது. இப்போது ஒரு கட்டுமான நிறுவனத்தில் எஸ்டிமேட்டர். அளப்பதுதான் வேலை. இன்டர்வியூவில் ஆறு வருட இடைவெளியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்களாம். “குழந்தை வளர்த்தேன், மனைவிக்கு எம்-புக் எழுதினேன்னு சொல்ல நினைச்சேன், முதல் பாதியை மட்டும் சொன்னேன்” என்றார்.

மகள் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க அவளுக்கு நேரமாகும். பிறகு நிமிர்ந்து, “இது உன் ஹேண்ட்ரைட்டிங் இல்லையே. அப்பாவோடது” என்றாள்.

“ஆமா.”

“உன் வேலையைப் பத்தி அப்பாவா எழுதினாங்க?”

“நான் சொன்னேன், அப்பா எழுதினாங்க.”

கொஞ்சம் யோசித்தாள். பள்ளித் தாளில் மூன்றாவது கேள்விக்கு அவளே பென்சிலால் எழுதினாள்: எங்க அம்மா இல்லேன்னா ஃப்ரிட்ஜ் சூடானது நர்ஸுக்குத் தெரியாது. பிறகு மேலே பெயர் எழுத வேண்டிய இடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரையும் எழுதினாள். ஆளுக்கு ஐந்து நிமிடமாம்.

அடுத்த வியாழக்கிழமை போகிறோம். இவர் பையில் இப்போதே ஒரு டேப் எடுத்து வைத்துவிட்டார். வகுப்பறையைப் பிள்ளைகளை விட்டே அளக்கச் சொல்லப் போகிறாராம்.